சொல்லுக்குத் தண்டனை: ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள்

ஏழாயிரம்பண்ணை என்ற பெயரை நம்மில் பெரும்பாலோர் வெடிவிபத்துச் செய்திகளில்தான் படித்திருப்போம். 2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளத்துப் பட்டாசு ஆலையில் 20 பேருக்கு மேல் மாண்டபோது அந்தப் பெயர் இரண்டு நாட்கள் தலைப்புகளில் இருந்தது; பிறகு மறைந்தது. வரலாறு படித்தவர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பிறகு, மேஜர் பானர்மேன் ஆறு பாளையங்களைப் பறிமுதல் செய்தான். பாஞ்சாலங்குறிச்சியோடு நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் ஏழாயிரம்பண்ணையும் இருந்தது. பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து, இன்னாருக்கு இன்ன குற்றத்துக்காக இன்ன தண்டனை என்று அறிவித்துவிட்டுத்தான் கும்பினியார் அதைச் செய்தார்கள். கொடுமையை ஊரறியச் செய்தார்கள் என்ற அளவில் இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

நண்பர் ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக நாங்கள் நால்வர் அந்தப் பக்கம் போயிருந்தோம். மதிய வெயிலுக்குத் தேநீர்க்கடையில் ஒதுங்கியபோது, தொலைக்காட்சி விவாதங்களில் வந்துகொண்டிருந்த ஒருவர் திடீரென்று காணாமல் போய்விட்டதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு எழுந்தது. அவர் என்ன சொன்னார், அது யாரைப் புண்படுத்தியது, யார் யாருக்குத் தொலைபேசியில் பேசினார்கள் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். உறுதியாக ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து விசிப்பலகையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், சிவகாசி அச்சகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்துக் கோத்தவர், நாளிதழை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இடையில் புகுந்தார்.

“பேப்பர்காரனுக்குத் தண்டனை குடுத்தது எங்க பக்கத்து ஆளுதான தம்பி. சபாநாயகரு காளிமுத்து. ராமுத்தேவன்பட்டி.”

அவர் சொன்ன ஊர் அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய பின்னும் அந்த ஒரு வரி எங்களை விடவில்லை. இக்கட்டுரை அதிலிருந்து எழுந்தது.

ஆங்கிலத்தில் ‘பொலிட்டிகல் கரெக்ட்னஸ்’ என்று வழங்குவதை ‘அரசியல் சரித்தன்மை’ என்று சில காலமாக எழுதி வருகிறோம். சொல் இன்னும் நாவில் படியவில்லை. ஆனால் அது குறிக்கும் பொருள் நமக்குப் புதிதன்று. யாரைப் பற்றி எதைச் சொல்லக்கூடாது என்ற கணக்கு எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறது. சிவகாசியில் அது தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே அச்சகத்தின் ஒரே இயந்திரத்தில் முருகனும் வேளாங்கண்ணி மாதாவும் மக்கா மசூதியும் நாட்காட்டியாக இறங்குவார்கள். ஒருவரையொருவர் வைதுகொள்ளும் தலைவர்கள் அடுத்தடுத்த மையில் சிரிப்பார்கள். அச்சகத்தார் யாரையும் புண்படுத்தாமல் அறுபது எழுபது ஆண்டுகளாகத் தொழில் நடத்திவிட்டார்கள் என்று நாம் நினைத்திருந்தோம். ஆனால் லட்சுமி வெடியின் மேலுறையில் இருக்கும் தேவியின் படம் வெடித்துச் சிதறிக் காலில் மிதிபடுகிறது என்று ஒரு முறையீடு எழுந்தது. 2020 நவம்பரில், தீபாவளிக்கு முன்பு, மத்தியப் பிரதேச அரசு கடவுளர் படம் பொறித்த பட்டாசுகளின் விற்பனையைத் தடை செய்தது. தலைமுறை தலைமுறையாகப் பக்தியோடு ஒட்டப்பட்ட சீட்டு ஓர் இரவில் அவமதிப்பாக மாறியது. படம் மாறவில்லை, பார்க்கும் கண் மாறியது.

மாறும் கண்ணைப் பற்றிப் பேசும்போது காளிமுத்துவின் வாழ்க்கையை விடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது.

1965 ஜனவரி 26 முதல் இந்தி இந்தியாவின் ஆட்சிமொழியாகும் என்ற நிலை வந்தபோது, மதுரையில் கல்லூரி மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆவது பகுதி, ஆட்சிமொழியைப் பற்றியது. அதைக் கொளுத்திச் சிறை சென்ற மாணவர்களில் இருவர் பெயர் நிலைத்தது. ஒருவர் பின்னாளில் ‘கறுப்பு மலர்கள்’ எழுதிய கவிஞர் நா. காமராசன். மற்றவர் கா. காளிமுத்து. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பேர்போன கரிசல் காட்டிலிருந்து வந்த இளைஞர் கொளுத்திய முதல் பெரிய வெடி அதுதான் என்று யாரேனும் அன்று மேடையில் சொல்லியிருக்கக்கூடும். 23 வயது நிரம்பாத இருவர் நாட்டின் தலையாய நூலின் ஒரு பகுதியை எரித்தார்கள். அன்றைய அரசின் பார்வையில் அது தேசத்துக்கு எதிரான செயல். தமிழ்நாட்டுத் தெருக்களின் பார்வையில் அது சொல்லவேண்டியதைச் சொல்லிய செயல். இரண்டாண்டு கழித்து 1967 தேர்தலில் எந்தப் பார்வை வென்றது என்பது நமக்குத் தெரியும்.

காளிமுத்து தமிழில் முனைவர் பட்டம் பெற்றவர், கவிதை எழுதியவர், எதுகையும் மோனையும் மூச்சாக வந்தவர். கருவாடு மீனாகாது, கறந்த பால் மடி புகாது என்று அவர் சொன்னதாக இன்றும் மேடைகளில் வழங்குகிறது. தி.மு.க.விலிருந்து அ.தி.மு.க.வுக்கு வந்து, எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் இருந்து, 1989இல் சிவகாசித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2001இல் சட்டமன்றப் பேரவைத் தலைவரானார். சொல்லால் வளர்ந்த மனிதர் ஒருவர் சொல்லுக்குத் தீர்ப்பு வழங்கும் நாற்காலியில் அமர்ந்தார்.

அந்த நாற்காலிக்கு அதற்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள 1987க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 29ஆம் தேதியிட்ட ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வெளிவந்தது. ஒரு பொதுக்கூட்ட மேடை; அதில் இருப்பவர்களில் யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்று ஒருவர் கேட்க, ஒருவரைச் சில்லறைத் திருடனுக்கும் மற்றவரைக் கொள்ளைக்காரனுக்கும் ஒப்பிட்டு இன்னொருவர் அடையாளம் சொல்கிறார். அவ்வளவுதான். திண்ணையில் யாரும் சொல்லிச் சிரிக்கும் தரம். பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன், தம் பதவிக்கு வானளாவிய அதிகாரம் உண்டு என்று சொல்லிப் புகழ்பெற்றவர். அடுத்த இதழில் மன்னிப்பு வெளியிட வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் மறுத்துவிட்டார். ஏப்ரல் 4 அன்று பேரவை அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தது.

இங்கே சற்று நிற்கவேண்டும். வழக்குரைஞர் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. புண்பட்டதாகச் சொன்னவர்களே நீதிபதிகளாகக் கையுயர்த்தினார்கள். இதற்கு வழி கொடுத்தது அரசியலமைப்பின் 194(3)ஆவது பிரிவு. சட்டமன்றத்தின் உரிமைகள் இன்னவை என்று சட்டம் இயற்றி வரையறுக்கும் வரை, 1950இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகள் நம் சபைகளுக்கும் உண்டு என்று அது முதலில் சொன்னது. பின்னர் திருத்தம் வந்து காமன்ஸ் சபையின் பெயர் போனது, பொருள் போகவில்லை. உரிமைகளை வரையறுக்கும் சட்டத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. வேலியே இல்லாத நிலத்தில் யார் அத்துமீறினார் என்பதை நிலத்துக்காரரே சொல்லிக்கொள்ளலாம்.

நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டு நாளில், ஏப்ரல் 6 அன்று, பாலசுப்பிரமணியன் விடுவிக்கப்பட்டார். மற்றொருவராயிருந்தால் அதோடு வீட்டுக்குப் போயிருப்பார். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏழாண்டு கழித்து, 1994இல், சென்னை உயர் நீதிமன்றம் கைது செல்லாது என்று கூறி அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவர் அந்தத் தொகையைச் சட்டமிட்டு அலுவலகத்தில் மாட்டிவைத்தார். 2014 டிசம்பரில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளில் அந்தச் சட்டம் இடம்பெறாத கட்டுரை குறைவு.

விகடனுக்கு முன்பே ‘வணிக ஒற்றுமை’ ஆசிரியர் பால்ராஜைப் பேரவை சிறைக்கு அனுப்பியிருந்தது. விகடனுக்குப் பின்னும் பழக்கம் விடவில்லை. 1992இல், சேடபட்டி முத்தையா பேரவைத் தலைவராக இருந்தபோது, முரசொலி ஆசிரியர் செல்வம் பேரவைக்குள் அமைத்த கூண்டில் நிறுத்தப்பட்டார். ஆங்கில வார இதழாளர் கே.பி. சுனிலைக் கைது செய்ய ஆணை பிறந்து, உச்ச நீதிமன்றம் தடுத்தது. இவற்றை விரிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறிப்போம்: எல்லாக் கட்சியினரும் எதிர்க்கட்சியாக இருந்தபோது பத்திரிகையாளர் பக்கம் நின்றார்கள்.

இப்போது 2003. முதலமைச்சர் ஜெயலலிதா அந்த ஏப்ரலில் பேரவையில் எதிர்க்கட்சிகளைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ‘தி இந்து’ நாளிதழ் அந்தப் பேச்சுகளைச் செய்தியாக்கியபோது, அவர் ‘சொன்னார்’ என்று எழுதாமல், சீறினார், கொதித்தார், உரத்த குரலில் சாடினார் என்ற பொருள்படும் ஆங்கில வினைச்சொற்களை இட்டு எழுதியது. இலக்கியம் படிக்கும் நமக்கு இது சுவையான இடம். ஒரு நாட்டுச் சட்டமன்றம் வினைச்சொற்களைக் கூண்டிலேற்றியது வேறெங்கு நடந்திருக்கும்? உரிமை மீறல் புகார் எழுந்தது. ஏப்ரல் 25 அன்று ‘பெருகும் சகிப்பின்மை’ என்ற பொருளில் தலைப்பிட்டு இந்து ஒரு தலையங்கம் எழுதியது. சகிப்பின்மையைக் கண்டித்த அந்தத் தலையங்கமும் உரிமை மீறலாயிற்று. அதைத் தமிழில் பெயர்த்து வெளியிட்ட முரசொலியும் சேர்ந்துகொண்டது. மொழிபெயர்ப்பாளருக்கு மூலநூலாசிரியரோடு சமதையான பெருமை கிடைத்த அரிய தருணம் அது.

நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. உரிமைக் குழுவின் அறிக்கையின் மேல், அவை முன்னவர் பொன்னையன் தீர்மானம் கொண்டுவர, இந்துவின் வெளியீட்டாளர் ரங்கராஜன், ஆசிரியர் என். ரவி, நிர்வாக ஆசிரியர் மாலினி பார்த்தசாரதி, செய்தியாளர்கள் ஜெயந்த், ராதா வெங்கடேசன், முரசொலி ஆசிரியர் செல்வம் ஆகியோருக்கு 15 நாள் வெறுங்காவல் விதிக்கப்பட்டது. பதினோராண்டுக்கு முன் கூண்டில் நின்ற அதே செல்வம்தான். நாற்காலியில் இருந்தவர் காளிமுத்து. அன்று மாலையே காவலர்கள் அண்ணா சாலை அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள். பெங்களூர் வரை தேடிப்போனார்கள். திங்கட்கிழமை, நவம்பர் 10 அன்று, உச்ச நீதிமன்றம் தண்டனைக்குத் தடை விதித்தது. மூன்று நாள் கூத்து என்று அன்று பலர் எழுதினார்கள்.

அந்த மூன்று நாளும் காளிமுத்துவின் மனத்தில் 1965 வந்துபோயிருக்குமா என்று நாம் ஊகிக்கலாமே தவிரச் சொல்ல முடியாது. அரசியலமைப்பைக் கொளுத்தியவர் அதன் 194(3)ஆவது பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு தீர்ப்பு வாசித்தார். இதைப் போலித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இரு வேளையிலும் அவர் தம் தரப்பின் மானத்தைக் காத்ததாகவே எண்ணியிருப்பார். 1965இல் அவருடைய தரப்பு தெருவில் இருந்தது. 2003இல் அது மேடையில் இருந்தது. இதே சட்டத்தைக் கொளுத்தியதற்காக 1986இல் தி.மு.க. உறுப்பினர்கள் பத்துப்பேர், அன்பழகன் உட்பட, பதவி இழந்தார்கள். அவர்களைத் தகுதி நீக்கம் செய்தவர் அதே பி.எச். பாண்டியன், ஆட்சியில் இருந்தது காளிமுத்துவின் கட்சி. மாணவனாகக் கொளுத்தினால் தியாகம், எதிர்க்கட்சிக்காரனாகக் கொளுத்தினால் தகுதியிழப்பு.

இந்த இடமாற்றம் அரசியல்வாதிகளுக்கு மட்டும் உரியதன்று. 2005இல் நடிகைகளைப் பற்றி இயக்குநர் தங்கர் பச்சான் சொன்ன சொல்லுக்காக அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்லித் திரையுலகம் திரண்டது. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் நடிகை குஷ்பு. சில வாரங்களே கழிந்தன. திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ‘இந்தியா டுடே’ தமிழ்ப் பதிப்பில் குஷ்பு சொன்ன கருத்துக்காகத் துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்தன. அவரும் மன்னிப்புக் கேட்டார், வழக்குகள் நிற்கவில்லை. ஊர் ஊராகத் தொடுக்கப்பட்ட 23 வழக்குகளை 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய ஐந்தாண்டு ஆயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு, புண்பட்டேன் என்று சொல்பவர் எல்லோரும் அதிகாரம் படைத்தவர்கள் என்ற எண்ணம் வாசகருக்கு எழக்கூடாது. அதற்கு மறுதலையான கதையும் இதே திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. 1849இல் கால்டுவெல், இங்கிலாந்தில் மிஷனுக்குப் பொருள் தருபவர்கள் படிப்பதற்காக, இன்று நாடார் என்று அறியப்படும் சமூகத்தைப் பற்றி, அன்று வழங்கிய பெயராலேயே தலைப்பிட்டு ஒரு சிறுநூல் எழுதினார். அவர்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி எழுதிய பக்கங்கள் அதில் உண்டு. எழுதப்பட்டவர்களுக்கு அது தெரியவே பல்லாண்டு ஆயிற்று. அச்சமூகத்தில் ஆங்கிலம் கற்றவர்கள் தோன்றி அதைப் படித்தபோது கொந்தளித்தார்கள். 1880களில் மறுப்பு நூல்கள் எழுதினார்கள். கால்டுவெல்லுக்குப் பதவி போகவில்லை. மாறாக, 1877இல் ஆயராகியிருந்தார்; 1891இல் தாமாக ஓய்வு பெற்றார். ஒப்பிலக்கணம் எழுதிய பேரறிஞர் மீது நமக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அந்தச் சிறுநூலைப் படித்துப் புண்பட்டவர்களின் பக்கம்தான் நியாயம் இருந்தது. அவர்கள் சபையிடம் முறையிட்டார்கள், அச்சிட்டு மறுத்தார்கள், சங்கம் அமைத்தார்கள். 1921இல் அரசே பழைய பெயரை விட்டு ‘நாடார்’ என்று பதிவு செய்ய ஒப்புக்கொண்டது. இழிசொல் ஒன்றை வழக்கிலிருந்து அகற்ற எழுபது ஆண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். ‘அரசியல் சரித்தன்மை’ என்று சொல்லி ஏளனமாகச் சிரிப்பவர்கள் இந்த எழுபதாண்டையும் சேர்த்தே சிரிக்கவேண்டியிருக்கும்.

ஆகவே எந்தச் சொல் புண்படுத்துகிறது என்பதோடு, அதற்கான தண்டனையை யார், எந்த இடத்தில் நின்று, எவர் அறிய வழங்குகிறார் என்பதையும் கேட்டாக வேண்டும். சில காலமாக மாறியிருப்பது இந்த இரண்டாவது விஷயம்தான்.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு இதற்கு நல்ல பாடம். ஜூலையில், லெபனானின் ஷியா மதகுரு பத்லல்லா இறந்தபோது அவர்மேல் மதிப்புண்டு என்று டுவிட்டரில் ஒரு வரி எழுதிய ஒக்டேவியா நாஸ்ரை, இருபதாண்டுப் பணிக்குப் பின் சி.என்.என். வெளியேற்றியது. அக்டோபரில், விமானத்தில் இஸ்லாமிய உடையணிந்தவர்களைக் கண்டால் தமக்கு அச்சம் எழுகிறது என்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் சொன்ன வர்ணனையாளர் யுவான் வில்லியம்ஸை, பொது வானொலியான என்.பி.ஆர். தொலைபேசியிலேயே வேலையிலிருந்து நீக்கியது. ஒருவர் ஒரு முஸ்லிமைப் போற்றியதற்காக, மற்றவர் முஸ்லிம்களைக் கண்டு அஞ்சுவதாகச் சொன்னதற்காக. இரண்டும் மூன்று மாத இடைவெளியில். வில்லியம்ஸை ஃபாக்ஸ் பெருந்தொகை கொடுத்து அழைத்துக்கொண்டது. நாஸ்ரை அப்படி யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை. அங்கே சட்டமன்றம் கூடவில்லை, காவலர் வரவில்லை. பேச்சுரிமையைக் காக்கும் அவர்களுடைய முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். நிறுவனத்தின் மனிதவளத் துறையைக் கட்டுப்படுத்தாது.

நம் ஊருக்கும் அந்த முறை வந்துவிட்டது. 2020 ஜூலையில், மாரிதாஸ் என்பவர் யூடியூபில் தொடர்ச்சியாகக் காணொளிகள் வெளியிட்டு, ‘நியூஸ் 18 தமிழ்நாடு’ தொலைக்காட்சியில் இருப்பவர்களில் யார் யார் திராவிட இயக்கச் சார்பினர் என்று பட்டியலிட்டார். நிறுவனம் தமக்கு அனுப்பியதாக அவர் காட்டிய மின்னஞ்சல் போலியானது என்று நிறுவனமே காவல்துறையில் புகார் கொடுத்தது. அவ்வளவுக்குப் பிறகும், அந்த மாத இறுதியில், ஆசிரியர் மு. குணசேகரன் பதவி விலகினார். அதற்கு முன்பே செய்தியாளர் ஒருவர் வேலையிழந்திருந்தார். குணசேகரன் பின்னர் சன் நியூஸுக்குப் போனார். இந்த நிகழ்வில் நாம் எந்தப் பக்கம் என்பது வேறு பேச்சு. வரலாறு எழுதும் ஒருவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். தீர்மானம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை, எந்தச் சொல் குற்றம் என்று குறித்த தாள் இல்லை. 1987இன் அட்டைப்படத்தையும் 2003இன் வினைச்சொற்களையும் நம்மால் எடுத்து வைத்து வாதாட முடிகிறது. 2020இல் எதை எடுத்து வைப்பது? ஒரு விலகல் செய்தியும் அதைச் சுற்றி ஆயிரம் வதந்தியும்.

பட்டியலிட்டவருக்கும் நாற்காலி மாறியது. 2021 டிசம்பரில், முப்படைத் தலைமைத் தளபதி ராவத் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததை ஒட்டி எழுதிய ஒரு டுவிட்டர் பதிவுக்காகத் தமிழ்நாட்டுக் காவல்துறை மாரிதாஸைக் கைது செய்தது. சில நாட்களிலேயே மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அரசு தண்டிக்க வந்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஓரிடம் இருந்தது, தட்டினார், திறந்தது. அவருடைய காணொளிகளுக்குப் பின் வேலையிழந்தவர்களுக்கு அப்படி ஒரு கதவு எங்கே இருந்தது?

பேரவையின் தண்டனைதான் நல்லது என்று நாம் வாதாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று மாதக் கடுங்காவல் நகைச்சுவைக்குரியதன்று. கூண்டில் நின்றவரிடம் கேட்டால் தெரியும். ஆனால் பாலசுப்பிரமணியனால் மறுக்க முடிந்தது, ஏனென்றால் பத்திரிகை அவருடையது. மன்னிப்பு வெளியிடு என்று பேரவைத் தலைவர் சொல்லலாம். அவரை வேலையிலிருந்து நீக்க ஆளில்லை. இந்துவின் பின்னே கஸ்தூரி குடும்பம் இருந்தது. முரசொலியின் பின்னே ஒரு கட்சியே இருந்தது. இன்று நாற்பதாயிரமோ ஐம்பதாயிரமோ சம்பளம் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கடன் கட்டிக்கொண்டு, ஒலிவாங்கி பிடிக்கும் இளைஞனுக்குப் பின்னே யார்? அவனுடைய ஆசிரியருக்கே ஒருவருமில்லை. அவன் சொல்லப்போகும் வாக்கியத்தைச் சொல்லுமுன்னே தானே நீக்கிவிடுகிறான். அந்த நீக்கம் எந்த ஆவணத்திலும் ஏறாது.

எங்கள் நண்பர்களில் ஒருவர் ஒரு தொலைக்காட்சியில் சில ஆண்டுகள் பணியாற்றினார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு விவாதத்தில் தாம் கேட்ட கேள்வி ஒன்றுக்குப் பிறகு, அடுத்த வாரத்துப் பணிப் பட்டியலில் தம் பெயர் இல்லை என்றார். ஏன் என்று கேட்டார். பட்டியல் மாறும், அவ்வளவுதான் என்றார்கள். எந்தக் கேள்வி என்பது தமக்கே உறுதியாகத் தெரியாது என்று அவர் சொன்னபோது நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

காளிமுத்து 2006 நவம்பர் 8 அன்று காலமானார். அந்தத் தண்டனைத் தீர்மானத்துக்கு மூன்றாண்டு நிறைந்த மறுநாள். பி.எச். பாண்டியன் 2020 ஜனவரியிலும், இருமுறை தண்டனைக்காளான செல்வம் 2024 அக்டோபரிலும் மறைந்தார்கள். தீர்மானத்தின் வாசகம் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. வேண்டியவர்கள் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம்.

தேநீர்க்கடைப் பெரியவரிடம் அன்று நாங்கள் கிளம்பும்போது ஒரு சந்தேகம் கேட்டோம். தவறாக அச்சாகிச் சண்டை வந்தால் அச்சகத்தில் என்ன செய்வார்கள், அண்ணாச்சி?

“கோத்த எழுத்தக் கலைச்சு அறையில போட்டுருவோம் தம்பி. மறுநா அதே எழுத்துல கல்யாணப் பத்திரிக வரும். ஆனா புரூப் தாள ஆணியில குத்தி வச்சிருப்போம். யாரு திருத்துனா, எங்க கையெழுத்துப் போட்டானு அதுல இருக்கும்ல. மொதலாளியே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டோம்.”

இப்போது எல்லாம் கணினி என்றோம்.

“ஆமா,” என்றார். “இப்ப ஆணி இல்ல.”